தைப்பூச நிலாவை 70 மி.மீ. டெலஸ்கோப்பில் எடுத்தேன், வெள்ளைத் தட்டு மாதிரி வருகிறது. என்ன தப்பு?

பாவுநூல் (சோமனூர் பக்கம்) | திங்கள், பிப்ரவரி 2

எல்லோருக்கும் வணக்கமுங்க. இங்கே இது என் முதல் பதிவு, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பா ஏழாவது படிக்கிறாள், ரெண்டு வருசமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று பொங்கலுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம். கூடவே 25, 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்), உருவத்தை இன்னும் 3 மடங்கு பெரிதாக்குகிற பார்லோ லென்ஸ் ஒன்று, போனைப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் கிளிப், காற்றடித்தால் ஆடுகிற அலுமினிய ஸ்டாண்டு. நேற்று தைப்பூசம், ஊரில் பாதிப் பேர் பழனிக்கு நடக்கிறார்கள், நாங்கள் மூன்று பேரும் மொட்டை மாடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றோம்.

கண்ணால் பார்த்தால் சொல்ல வார்த்தையே இல்லை. வீட்டுக்காரி "அட சாமி" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிசம் நகரவே இல்லை. ஆனால் போனை மாட்டி எடுத்தால் டியூப்லைட்டைப் போட்டோ பிடித்த மாதிரி ஒரே வெளுப்பு. பள்ளம் கிடையாது, மேடு கிடையாது. 3 மடங்கு பார்லோவைப் போட்டால் இன்னும் மோசம், கலங்கின தண்ணீர்தான். படம் இணைத்திருக்கிறேன். டெலஸ்கோப் சரியில்லையா, போன் சரியில்லையா, இல்லை நான்தான் சரியில்லையா?

---

வாத்தியார்_கோபி | திங்கள்

மூன்றும் சரியாகத்தான் இருக்கிறது தம்பி, நாள்தான் சரியில்லை.

முதலில் ஒரு காரியம். அந்தப் பெட்டியில் ஐபீஸில் திருகி மாட்டுகிற மாதிரி கறுப்புக் கண்ணாடி ஏதாவது வந்ததா என்று பார். சூரிய ஃபில்டர் என்று எழுதியிருக்கும். இருந்தால் இன்றைக்கே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடு. லென்ஸ் குவிக்கிற வெயில் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும், சூடேறி அது வெடித்தால் அடுத்தது கண். பாப்பாவிடமும் பகலில் டெலஸ்கோப்பைத் தொடக்கூடாது என்று சொல்லி வை.

இப்போது நிலாவுக்கு வருவோம். ராத்திரியில் தெரிவதால் நிலாவை ராத்திரிப் பொருள் என்று நாம் நினைக்கிறோம், உன் போனும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது பட்டப்பகல் வெயிலில் கிடக்கிற பாறை. அதுவும் வெள்ளைப் பாறைகூட இல்லை, மேலே விழுகிற வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, கிட்டத்தட்டப் பழைய தார் ரோட்டின் நிறம். சுற்றிலும் கன்னங்கரேல் என்று இருப்பதால் போன் "ஐயோ இருட்டு" என்று பயந்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. வெளுத்துப்போனதற்கு அதுதான் காரணம். படம் பிடிக்குமுன் திரையில் நிலாவை விரலால் அழுத்திப் பிடி, பூட்டுப் படம் வரும், அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழு. நிலா சாம்பல் நிறமாகத் தெரிகிற வரைக்கும் இழு, ரொம்ப இருட்டாகிவிட்டதே என்று தோன்றும், தோன்றட்டும்.

ஆனால் இதெல்லாம் செய்தாலும் பௌர்ணமி நிலா தட்டையாகத்தான் வரும். உச்சி வெயிலில் களத்தில் நின்றால் உன் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும் இல்லையா, பௌர்ணமியன்று நமக்குப் பின்னாலிருந்து சூரியன் நேராக நிலாவின் மூஞ்சியில் அடிக்கிறது, ஒரு மலைக்கும் நிழல் தெரியாது. நிலாப் படம் என்பதே நிழலைப் படம் எடுப்பதுதான். அதற்குப் பாதி நிலா தெரிகிற அஷ்டமி, நவமிக்கு வா.

---

ஆழியாறு_95 | திங்கள்

அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்கக்கூடாது என்று எங்க அம்மிச்சி சொல்லுமே வாத்தியாரே 😄

பாவுநூல் அண்ணா, எதற்கு இவ்வளவு கஷ்டம்? என் போனில் 100 மடங்கு ஜூம். கையில் பிடித்தே எடுத்தேன், பாருங்கள். டெலஸ்கோப்பே வேண்டாம்.

---

நொய்யல் (திருப்பூர்) | திங்கள்

ஆழியாறு தம்பி, ஒரு சோதனை செய்து பாருங்கள். இணையத்திலிருந்து ஒரு நிலாப் படத்தை எடுத்து, அதை வேண்டுமென்றே நன்றாக மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் சின்னதாக வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து உங்கள் போனால் ஜூம் பண்ணி எடுங்கள். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தால் அவை போன் வரைந்தவை. 2023-இல் ஒருவர் இதே சோதனையைச் செய்து காட்டி உலகம் முழுக்கப் பேச்சானது. அழகாக இருக்கிறது, வாட்ஸப்பில் போடலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் ஊர் வானத்தில் விழுந்த நிழல் அதில் இருக்காது.

பாவுநூல் அண்ணா, முதலில் அந்த 3 மடங்கு பார்லோவை எடுத்து அலமாரியில் வையுங்கள். கணக்கு இதுதான். 700-ஐ ஐபீஸ் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம், 25 போட்டால் 28 மடங்கு, 10 போட்டால் 70 மடங்கு. அதோடு 3 மடங்கு பார்லோ சேர்ந்தால் 210. ஒரு மி.மீ. விட்டத்துக்கு 2 மடங்கு என்பதுதான் எந்த டெலஸ்கோப்புக்கும் மேல் வரம்பு, உங்களுக்கு 140. அதைத் தாண்டினால் கலங்கல்தான் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. பெட்டியின் மேல் எத்தனை நூறு போட்டிருந்தாலும் சரி.

போனில் ப்ரோ மோடு (வெளிச்ச அளவுகளை நாமே வைக்கிற முறை) இருக்கிறதா? 25 மி.மீ. ஐபீஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் வேகம் பௌர்ணமிக்கு 1/2000 விநாடி பக்கம், அரை நிலாவுக்கு 1/500 பக்கம் ஆரம்பித்துப் பாருங்கள். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் வெளிச்சம் பரவி மங்கும், அரை நிலாவுக்கு 1/100 வரை இறங்க வேண்டியிருக்கும், அங்கேதான் ஸ்டாண்டு ஆட்டம் தெரிய ஆரம்பிக்கும். அதனால் தொடக்கத்தில் 25-ஐ விட்டு நகராதீர்கள். முழு நிலாவும் சட்டத்துக்குள் அடங்கும்.

நிறைய கேமரா உள்ள போன் என்றால் நடுவில் தானாக வேறு லென்ஸுக்கு மாறிவிடும், படம் திடீரென்று கறுப்பாகும். முதன்மைக் கேமராவிலேயே நிற்கவையுங்கள்.

---

லேத்துப்பட்டறை (கணபதி, கோவை) | செவ்வாய்

படத்தைப் பார்த்தேன். வலது ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு விழுகிறது, போன் லென்ஸ் ஐபீஸுக்கு நேராக இல்லை. அந்தப் பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் அப்படித்தான், ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தூக்கும். நைலான் தடியில் ஒரு வளையம் கடைந்து கொடுக்கிறேன், ஐபீஸ் மேல் சொருகினால் அசையாது, போன் பழைய உறையை அதில் ஒட்டிக்கொள்ளலாம். காசெல்லாம் வேண்டாம், துண்டு நைலான் கிடக்கிறது. ஐபீஸின் வெளி விட்டம் எவ்வளவு?

---

பாவுநூல் | செவ்வாய்

ரொம்ப நன்றிங்க அண்ணா. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 33 மி.மீ. வருகிறது.

வாத்தியார் ஐயா, கறுப்புக் கண்ணாடி இருந்தது. உடைத்துவிட்டேன், பாப்பாவையே உடைக்கச் சொன்னேன், சந்தோசமாக உடைத்தாள்.

---

லேத்துப்பட்டறை | செவ்வாய்

ஸ்கேல் அளவு வேண்டாம். வெர்னியர் காலிப்பரில் அளந்து சொல்லுங்கள். அரை மி.மீ. தப்பினாலும் ஒன்று ஏறாது, இல்லை ஆடும்.

---

வாத்தியார்_கோபி | செவ்வாய்

வளர்பிறை அஷ்டமி வருவதற்கு இன்னும் மூன்று வாரம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், அடுத்த திங்கள் தேய்பிறை அஷ்டமி. நடுராத்திரி எழும், விடியற்காலை 5 மணிக்குத் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். வெள்ளென எழுந்திருக்கிற பழக்கம் இருந்தால் அது இன்னும் நல்லது, ஏனென்றால் பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி பொழுதோடு அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அதன் வழியாகப் பார்த்தால் நிலா கானல்நீரில் மிதக்கிற மாதிரி நெளியும். விடியலுக்குள் கான்கிரீட் ஆறிவிடும். டெலஸ்கோப்பையும் அரை மணி நேரம் முன்னாடியே வெளியில் வைத்துவிடு, வீட்டுச் சூடு போகட்டும்.

---

பாவுநூல் | செவ்வாய், பிப்ரவரி 10

எழுந்தோம் ஐயா. நேற்றும் இன்றும் இரண்டு நாளும். வெளிச்சத்தைக் குறைத்ததும் பள்ளங்கள் வந்துவிட்டன, பாப்பா குதித்தாள். பாதி நிலா, நடுக்கோட்டில் எல்லாம் எலி கடித்த மாதிரி. இந்த அளவு வரும் என்று நினைக்கவே இல்லை.

ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. இணைத்திருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எல்லாமே இரட்டையாக, அச்சில் தாள் நகர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இருபது படம் எடுத்தேன், இருபதிலும் அப்படித்தான். 1/125-இல் எடுத்தேன். கண்ணால் பார்க்கும்போதும் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது. ஃபோகஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. டெலஸ்கோப் லென்ஸ் தள்ளிப்போயிருக்குமோ?

அப்புறம் ஒரு சந்தேகம், பாப்பா ஒரு நிலா வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினாள், ஒன்றுமே ஒத்துவரவில்லை என்று அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

---

நொய்யல் | செவ்வாய்

வரைபடம் முதலில். உங்கள் டெலஸ்கோப்பில் ஐபீஸ் நேராக இல்லாமல் 90 பாகை மடங்கி மேலே பார்க்கும், உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. அது இடம் வலம் மாற்றிவிடும். வெறும் கண்ணால் பார்க்கும்போது வலப்பக்கம் இருக்கிற கிரிசியம் என்ற வட்டமான கறுப்புக் கடல் உங்களுக்கு இடப்பக்கம் வரும். போனில் படத்தை ஒரு தடவை இடவலமாகத் திருப்புங்கள், எல்லாம் பொருந்திவிடும். பாப்பா மேல் தப்பே இல்லை.

இரட்டை விழுவது லென்ஸ் கோளாறு மாதிரி தெரியவில்லை. போனைத் தொட்டு எடுக்கிறீர்களா? விரல் பட்டால் இரண்டு மூன்று விநாடி ஆடும். 3 விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுங்கள், அல்லது ஒயர் உள்ள பழைய இயர்போனைச் சொருகி அதன் ஒலி பட்டனை அழுத்துங்கள்.

---

பாவுநூல் | செவ்வாய்

டைமர் வைத்துத்தான் எடுத்தேன் அக்கா. 10 விநாடி.

---

ஆழியாறு_95 | செவ்வாய்

காற்றாக இருக்கும் அண்ணா. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே உட்கார்ந்திருக்கிறோம், ஆனியும் ஆடியும் வந்தால் டெலஸ்கோப்பை வெளியில் எடுக்கவே முடியாது. போன ஆடியில் ஸ்டாண்டோடு சாய்ந்து என் ஃபைண்டர் (குறி பார்க்கிற குட்டித் தொலைநோக்கி) உடைந்தது.

(அக்கா, அந்தச் சோதனையைச் செய்தேன். போன் வரைகிறது. ரொம்பக் கேவலமாகிவிட்டது, வீட்டில் சொல்லவில்லை.)

---

வாத்தியார்_கோபி | செவ்வாய்

மாசி பிறக்கப்போகிறது, இப்போது ஏது காற்று. விடியற்காலையில் இலைகூட அசையாது. காற்றின் நெளிவாக இருந்தால் படத்துக்குப் படம் வேறுவேறு மாதிரி சிதையும், இருபதும் ஒரே மாதிரி இரட்டையாக விழாது. ஸ்டாண்டின் கால்களை முழுக்க நீட்டாமல் குட்டையாக வைத்து, நடுவில் ஒரு செங்கலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார் தம்பி.

---

நொய்யல் | புதன்

ராத்திரி தூங்கப் போகுமுன் உங்களுடைய இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தைப்பூசத்துப் படம் வெளுத்துக் கிடந்தாலும் நிலாவின் வெளி ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கிறது. நேற்றுப் படத்தில் அதே ஓரம் இரண்டு கோடு. அதே டெலஸ்கோப், அதே போன், அதே கிளிப், அதே மாடி. தைப்பூசத்தன்று ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் கண்ணுக்கே நடுக்கம் தெரிந்தது என்கிறீர்கள், தைப்பூசத்தன்று அப்படித் தெரிந்ததா?

தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை.

அண்ணா, உங்கள் வீட்டுக்குக் கீழே தறி ஓடுகிறதா?

---

பாவுநூல் | புதன்

ஐயோ.

கீழே அண்ணனுடைய தறிக்குடோன் அக்கா. பன்னிரண்டு தறி. ராத்திரி சிஃப்ட்டும் உண்டு, ஞாயிறு மட்டும் லீவு. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே இருக்கிறோம், நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து மாடித் தரையில் இப்போது வைத்துப் பார்த்தேன், தண்ணீர் முழுக்க வளையம் வளையமாக ஓடுகிறது. இத்தனை வருசமாக இதைக் கவனிக்கவே இல்லை பாருங்கள்.

---

லேத்துப்பட்டறை | புதன்

ஹாஹா. எங்கள் பட்டறையிலும் இதே கதை, பவர்பிரஸ் ஓடும்போது மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கமாட்டோம்.

செங்கல் தொங்கவிட்டாலும் தரையே ஆடினால் ஒன்றும் ஆகாது. மண் தரைக்குப் போங்கள். வெர்னியர் கிடைத்ததா?

---

கல்லுக்குழி (பரமத்தி வேலூர்) | வியாழன்

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சொல்லாமல் போக மனசில்லை. உங்கள் படத்தில் கீழே பாதி வெள்ளைவெளேர் என்று பள்ளம் பள்ளமாக இருக்கிறதே, அந்த மேட்டு நிலப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். அதே வகைப் பாறை எங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டியில் காட்டிலும் மேட்டிலும் கிடக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் எடுத்த கல்லை அரைத்துத்தான் இஸ்ரோ நிலா மண் மாதிரி ஒரு மண் செய்து, சந்திரயான் இறங்குகலத்தையும் உலாவியையும் அதில் விட்டுச் சோதித்தார்கள். சின்ன வயதில் அந்தக் கல்லில் உட்கார்ந்து மாடு மேய்த்திருக்கிறேன், நிலாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

---

ஆழியாறு_95 | வியாழன்

எங்கள் தாலுகாவை விட்டுவிட்டீர்களே. சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கம் கோதவாடிக்காரர். 2008 அக்டோபர் 22-இல் ஏவினார்கள்.

ஒரு அப்பாவிக் கேள்வி: 70 மி.மீ.யில் அமெரிக்காக்காரன் நட்ட கொடி, சந்திரயான் 3 இறங்கின இடம் எல்லாம் தெரியுமா? எங்கள் மாமா பந்தயம் கட்டியிருக்கிறார்.

---

வாத்தியார்_கோபி | வியாழன்

மாமா தோற்றார். 70 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய பள்ளம் ஏறக்குறைய 3 கி.மீ. அகலம், அதுவும் காற்று அசையாத ராத்திரியில். பூமியைச் சுற்றுகிற ஹபிள் தொலைநோக்கிக்கே நிலாவில் ஒரு கொடி தெரியாது. கொடி என்ன, ஈரோடு பஸ் ஸ்டாண்டை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் உனக்குத் தெரியாது. சந்திரயான் 3 இறங்கினது தெற்கே 69 பாகைக்குப் பக்கம், அந்த வட்டாரத்தைக் கை காட்டலாம், அவ்வளவுதான்.

---

நொய்யல் | சனி, பிப்ரவரி 21

பாவுநூல் அண்ணா, நாளை ஞாயிறு, தறி லீவு, வளர்பிறை சஷ்டி. விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் 7 மணிக்கு மேற்கே உயரத்தில் இருக்கும். மாடிச் சூடு இருக்கும்தான், ஆனால் மாசிக் குளிரில் பரவாயில்லை.

இந்தத் தடவை போட்டோவை விட வீடியோ எடுங்கள், ஒரு நிமிசம் போதும். டெலஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டு எடுக்காதீர்கள், நிலாவைச் சட்டத்தின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், அது தானாக நகர்ந்து மறு ஓரத்துக்குப் போகும். தன் அகலம் அளவு நகர அதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிசம் ஆகும். ஒரு நிமிசத்தில் 1800 படம். காற்று நெளிவில் பெரும்பாலானது கலங்கியிருக்கும், இடையில் ஒரு கணம் தெளியும், அந்தத் தெளிந்த படங்களை மட்டும் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டும். பழைய லேப்டாப் போதும். பிப் என்ற மென்பொருள் போன் வீடியோவை மாற்றித் தரும், ஆட்டோஸ்டாக்கர்ட் நல்லதில் பத்து சதவீதத்தைப் பொறுக்கி அடுக்கும், ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்கலாம். மூன்றும் இலவசம்.

கூர்மையாக்கும்போது மட்டும் கை கட்டுப்படாது. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்து, கடைசியில் ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் வெங்காயத் தோல் மாதிரி வெள்ளைக் கோடு வந்துவிட்டது. அதை நானே மாட்டியும் வைத்திருந்தேன் ஆறு மாதம்.

---

வாத்தியார்_கோபி | சனி

நொய்யல் அம்மணி சொல்வது எல்லாம் சரி, ஆனால் முதல் மாதமே அடுக்குவதும் கூர்மையாக்குவதும் வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளை டெலஸ்கோப்பை விட்டுவிட்டு லேப்டாப்பில் உட்கார்ந்துவிடும். முப்பது போட்டோ எடு, நல்லதாக ஒன்றை வைத்துக்கொள், மீதியை அழி. நான் ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36, அதில் நாலு தேறினால் பெரிது. அப்போது எங்களுக்கு ஒரே சூத்திரம்: லென்ஸ் திறப்பு எஃப் 11, ஃபிலிம் வேகம் 100 என்றால் ஷட்டர் 1/100, முழு நிலாவுக்கு அது போதும்.

---

நொய்யல் | சனி

ஐயா, பிள்ளைகள் லேப்டாப்பில் நாம் நினைக்கிறதை விட நல்ல காரியமும் செய்யும் 🙂 ஒரே ஒரு வீடியோ எடுத்து வைக்கட்டும், என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு அடுக்கிக்கொள்ளட்டும். எடுக்காத வீடியோவைத்தான் பிறகு அடுக்க முடியாது.

---

பாவுநூல் | ஞாயிறு, பிப்ரவரி 22, இரவு 9.40

இரட்டை போய்விட்டது!! தரை கல் மாதிரி நின்றது. படம் பாருங்கள். ஓரத்தில் ஒரு பெரிய பள்ளம், பாதி இருட்டு. பாப்பா படத்தைத் திருப்பிப் போட்டு வரைபடத்தில் தேடித் தியோஃபிலஸ் என்று கண்டுபிடித்துவிட்டாள். நூறு கி.மீ. அகலமாம். இங்கிருந்து சேலத்துக்கே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் தூரம் என்று நான் சொன்னதும் அவளுக்கு நம்ப முடியவில்லை, மறுபடியும் போய்ப் பார்த்தாள்.

அஷ்டமி செவ்வாய்க்கிழமை வருகிறது, அன்றைக்குத் தறி ஓடும். அண்ணனிடம் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு வந்துவிட்டேன்.

---

வாத்தியார்_கோபி | ஞாயிறு

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் துணி.

மாமனார் ஊர் எங்கே உனக்கு?

---

பாவுநூல் | ஞாயிறு

காங்கேயத்துக்குத் தெற்கே ஐயா, தோட்டத்துச் சாளை. சுற்றி ஒரு விளக்குகூடக் கிடையாது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் போகிறோம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு, வீட்டுக்காரி சம்மதித்துவிட்டாள் என்பதுதான் அதிசயம்.

---

நொய்யல் | திங்கள்

செவ்வாய் அன்று வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற நிழல் கோடு நிலாவின் நடுவில் நிற்கும். மேல் பாதியில் அபெனைன் மலைத்தொடரைத் தேடுங்கள், வில் மாதிரி வளைந்திருக்கும், அதில் 5 கி.மீ.க்கு மேல் உயரமான சிகரங்கள் உண்டு. கீழே டாலமேயஸ், அல்ஃபான்ஸஸ், அர்ஸாக்கெல் என்ற பள்ளங்கள் மூன்றும் மேலிருந்து கீழாக அடுக்கி வைத்த மாதிரி. புதன்கிழமை நேர்ச்சுவர் வெளியே வந்திருக்கும், 110 கி.மீ. நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. அந்தக் கோடு உண்மையில் ஒரு சரிவின் நிழல், அடுத்த வாரம் பார்த்தால் காணாமல் போயிருக்கும்.

எச்சரிக்கை ஒன்று: இந்த மாத அரை நிலா நம் ஊரில் பொழுது சாயும்போது கிட்டத்தட்ட உச்சியில், கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். டெலஸ்கோப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் அடிப்பகுதி ஸ்டாண்டு காலில் இடிக்கும், போன் எடையில் வழுக்கிக் கீழே சரியும். முன்பக்கம் ஏதாவது சின்ன எடையைக் கட்டுங்கள். இல்லை 9 மணி வரை பொறுங்கள், மேற்கே இறங்கும்.

---

பாவுநூல் | வியாழன், பிப்ரவரி 26

இரண்டு நாள் கதையையும் சொல்கிறேன்.

செவ்வாய் வீணானது. களத்தில் வைத்தோம், மண் தரை, அசைவே இல்லை, எல்லாம் பிரமாதம். ஒரம்பரை வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். மாமனாருக்கு 74 வயது, முதல் தடவை டெலஸ்கோப்பில் பார்க்கிறார், பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து வரிசையில் நின்றார். போனை மாட்டவே விடவில்லை யாரும். எல்லோரும் போனதும் மணி பத்தரை, லென்ஸில் பனி பிடித்துவிட்டது, துணியால் துடைக்கப் போனேன், நல்லவேளை பாப்பா தடுத்தாள்.

புதன் நவமி. பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டி லென்ஸ் முன்னால் குழாய் மாதிரி மாட்டினோம், பனி பிடிக்கவில்லை. முன்பக்கம் அக்கா சொன்ன எடைக்குப் பூட்டு ஒன்றைக் கட்டினோம். 9 மணிக்கு மேல் 25 மி.மீ.யில் வீடியோ நாலு, பிறகு தைரியமாக 10 மி.மீ. போட்டு ஒன்று. இன்று மத்தியானம் பாப்பாவே அடுக்கினாள், நான் சோறு சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிட்டாள். கூர்மையை மட்டும் பாதியில் நிறுத்தச் சொன்னேன், முகம் சுளித்தாள்.

படம் கீழே. நேர்ச்சுவர் தெரிகிறது. முடி மாதிரி ஒரு கோடு. டைக்கோ பள்ளம் தெரிகிறது. மேலே ஓரத்தில் பிளேட்டோ பள்ளம்.

---

வாத்தியார்_கோபி | வியாழன்

பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் சுத்தமாக விழுந்திருக்கிறது. லேப்டாப்பைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பாப்பாவிடம் சொல்லிவிடு.

அடுத்த செவ்வாய், மார்ச் 3, சந்திர கிரகணம். நிலா எழும்போதே கிரகணம் பிடித்தபடிதான் எழும், சாயங்காலம் 6.47-க்கு விட்டுவிடும். கிடைப்பது கொஞ்ச நேரம்தான், கிழக்கு அடிவானம் மறைக்காத இடமாகப் பார்த்து வை.

---

நொய்யல் | வியாழன்

பாதியில் நிறுத்தச் சொன்னீர்களே, நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருப்பேன். பிளேட்டோவின் ஓரத்தில் லேசாக வெங்காயத் தோல். மற்றபடி என் முதல் வருசப் படம் எதையும் இதன் பக்கத்தில் வைக்கமாட்டேன்.

---

லேத்துப்பட்டறை | வியாழன்

வலது ஓரக் கறுப்பு இன்னும் இருக்கிறது. வெர்னியர்?

---

பாவுநூல் | வெள்ளி

மன்னியுங்க அண்ணா, மறந்தே போச்சு. பக்கத்து ஸ்பின்னிங் மில் ஃபிட்டரிடம் வாங்கி அளந்தேன். மேலே 33.4, கீழே 32.9, லேசான சரிவு இருக்கிறது. பாப்பா இன்னொரு தடவை அளந்து பார்த்தாள், அதேதான் வந்தது.